கதவு உரசுகிறது, கூரை சொட்டுகிறது: தோட்டக் கொட்டகையில் அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது

சொந்தக் கையால் கட்டிய கொட்டகையோ பட்டறையோ, கட்டி முடித்த புதிதில் நன்றாகத்தான் நிற்கும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போன பிறகுதான் கதவு உரசும், கூரை சொட்டும், தரை அமுங்கும். அப்போது பெரும்பாலானோர் கோளாறு கண்ணில் படும் இடத்திலேயே கை வைக்கிறார்கள். உரசும் கதவை இழைக்கிறார்கள், சொட்டும் இடத்தில் சிலிக்கானைப் பிதுக்குகிறார்கள். அடுத்த வருஷம் அதே கோளாறு கூடுதலாகத் திரும்பி வருகிறது. கொட்டகையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறு. கதவில் தெரிவது அஸ்திவாரத்தில் ஆரம்பித்திருக்கும். கூரையில் சொட்டுவது தரையிலிருந்து கிளம்பிய ஈரமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எதை அளக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பழுது பார்ப்பதற்கு வருகிறேன்.

கையில் ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, டார்ச், மெல்லிய ஸ்க்ரூ டிரைவர், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் இருந்தால் போதும். டியூபில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கதவு உரசுகிறது, தாழ்ப்பாள் பொருந்தவில்லை

எல்லாக் கோளாறும் முதலில் வந்து சேருவது கதவில்தான். சுவர் 5 மி.மீ. நகர்ந்தால் சுவரில் யாருக்கும் தெரியாது, கதவில் உடனே தெரிந்துவிடும். அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மழைக்காலத்தில் மட்டும் உரசுகிறதா, வருஷம் முழுக்கவா? மழைக்காலத்தில் மட்டும் என்றால் மரம் ஈரம் குடித்து உப்புகிறது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது; ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். உப்பியிருக்கும்போதே இழைத்துவிட்டால் வெயில்காலத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிடும். காய்ந்த காலம் வரை பொறுத்திருந்து, சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருக்கும்படி இழையுங்கள். பிறகு நான்கு விளிம்புகளுக்கும் பூச்சு கொடுங்கள். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பூசாமல் விடுவது பலருடைய வழக்கம். பலகையின் அறுத்த முனைகள் அங்கேதான் இருக்கின்றன, ஈரம் அதிகமாக ஏறுவதும் அங்கேதான்.

வருஷம் முழுக்க உரசுகிறது என்றால் கதவைப் பாதி திறந்து, கொண்டிப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் இருக்கும் இடத்தில் அசைவு தெரிந்தால் கோளாறு கீலில். மேல் கீலின் ஸ்க்ரூக்கள் இளகி, கதவு முன்னால் சரிந்திருக்கும். கீல் பக்கம் மேலே சந்து விரிந்து, கொண்டிப் பக்கத்துக் கீழ்மூலை தரையைத் தேய்க்கும். நிலைப்பலகையைத் தாண்டிப் பின்னாலுள்ள தூண்சட்டம் வரை போகிற நீள ஸ்க்ரூக்களைப் போட்டால் சரியாகிவிடும். பளுவான பலகைக் கதவுக்கு இரண்டு கீல் போதாது, மூன்று வேண்டும்.

கீல் அசையாமல் கதவே நெளிகிறதா? கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். பின்புறம் Z வடிவில் அடித்திருக்கும் சாய்வுச்சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அதன் கால் கீழ்க் கீல் பக்கத்திலும், தலை கொண்டிப் பக்கத்து மேல்மூலையிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் கதவின் பளு சட்டத்தை அமுக்கிக் கீலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திருப்பி அடித்திருந்தால் சட்டம் இழுபடும், ஆணி மெல்ல மெல்லக் கழன்று வரும். சட்டத்துக்குப் பதிலாகக் கம்பியும் டர்ன்பக்கிளும் (திருகிக் கம்பியை இறுக்கும் கருவி) போடுவதானால் கணக்கு நேர் எதிர்: கம்பி இழுவிசையைத்தான் தாங்கும், ஆகவே மேல்கீல் மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்துக் கீழ்மூலைக்கு வர வேண்டும். எதைப் போட்டாலும், கொண்டிப் பக்கம் ஆப்பு வைத்துத் தூக்கி, இரண்டு மூலைவிட்டமும் சமமான பிறகே இறுக்குங்கள்.

கதவும் சரி, கீலும் சரி, ஆனாலும் உரசுகிறது என்றால் நிலைதான் கோணியிருக்கிறது. இரண்டு நிலைத்தூண்களுக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். பிறகு டியூப் லெவலால் கொட்டகையின் நான்கு மூலைகளையும் மட்டம் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. நான்கு மூலையும் மட்டமாக இருந்து தூண்கள் மட்டும் சாய்ந்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மூலை இறங்கியிருந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கும் முன், அது ஏன் இறங்கியது என்று கண்டுபிடியுங்கள். கூரைத் தண்ணீர் அந்த மூலையில்தான் விழுகிறதா? பக்கத்தில் மண் நிரவிய பழைய குழி இருக்கிறதா? தண்ணீரைத் திருப்பிவிடாமல் மூலையைத் தூக்கினால் அது மறுபடியும் இறங்கத்தான் செய்யும். தூக்கும்போது உள்ளே இருக்கும் கனமான சாமான்களை வெளியே எடுத்துவிடுங்கள், ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள், ஒரே மூச்சில் ஏற்றாமல் சில மில்லிமீட்டராக ஏற்றுங்கள். தூக்கி நிற்கும் கொட்டகைக்கு அடியில் யாரும் கையோ தலையோ நுழைக்கக் கூடாது. இடைவெளியை மரத்துண்டு வைத்து நிரப்ப வேண்டாம்; அது நசுங்கும், உளுக்கும். இரும்புத் தகடோ கான்கிரீட்டோதான் சரி.

கொட்டகை முழுதும் சாய்கிறது, தள்ளினால் ஆடுகிறது

ஒரு மேல்மூலையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுங்கள். ஆடினால் சாய்வுச்சட்டம் இல்லை, அல்லது ஒரு திசையில்தான் இருக்கிறது. நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செவ்வகமாக்கினால் அது நிலைத்து நிற்காது, எத்தனை ஆணி அடித்தாலும் சரி. முக்கோணம் வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பரப்பையும் மூடுகிற பிளைவுட் வேண்டும். வெளிப்புறம் கிடையாக அடித்த பலகைகள் இதற்கு உதவும் என்று நம்பிவிடாதீர்கள்; ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக நழுவும்.

கயிறோ ராட்செட் பெல்ட்டோ போட்டு மூலைக்கு மூலை இழுத்து, தூக்கு சரியானதும் சாய்வுச்சட்டம் அடியுங்கள். பிளைவுட் போடுவதானால் விளிம்புகளில் 15 செ.மீ.க்கு ஒரு ஆணி, நடுச்சட்டங்களில் 30 செ.மீ.க்கு ஒன்று. ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் செய்த கூடு என்றால் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். எப்போதும் பலவீனமானது கதவு இருக்கும் சுவர். அங்கே முக்கோணத்துக்கு இடமே இருக்காது, ஆகவே கதவின் இரு பக்கமும் மிஞ்சும் குறுகிய பகுதிகளில் பிளைவுட் கட்டாயம்.

இன்னும் கட்டும் நிலையிலேயே இருக்கிறீர்கள் என்றால் மூலைமட்டத்துக்கு 3-4-5 கணக்குப் போதும். ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்து, குறுக்கே அளந்தால் சரியாக 5 மீட்டர் வர வேண்டும்.

சாய்வு வேறு, பிதுக்கம் வேறு. சுவர்களின் மேல்பகுதி இரு புறமும் வெளியே தள்ளி, கூரை முகடு நடுவில் தொய்ந்திருந்தால் கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) சுவரை உதைக்கின்றன என்று அர்த்தம். எதிரெதிர்க் கைமரங்களை இணைக்கும் கிடைச்சட்டம் சுவரின் தலை மட்டத்தில், அல்லது கூரை உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். தலையில் இடிக்காமல் இருக்கட்டும் என்று முகட்டுக்குப் பக்கத்தில் ஏற்றி அடித்த சட்டம் இந்த உதைப்பைத் தடுக்காது. முகட்டுக்கு முட்டுக் கொடுத்து, சுவர்களை உள்ளே இழுத்து, பிறகு கட்டுங்கள்.

மழையே இல்லை, விடியற்காலையில் கூரை சொட்டுகிறது

இதை ஒழுகல் என்று நினைத்து முழுக் கூரையையும் பிரித்தவர்கள் உண்டு. அதிகாலையில் டார்ச் அடித்துத் தகட்டின் உட்புறத்தைப் பாருங்கள். ஓட்டை வழியாக வரும் தண்ணீர் ஒரே தடத்தில் ஓடி ஒரே இடத்தில் விழும். தகடு முழுவதும் பொடிப்பொடியாக நீர்முத்து பூத்திருந்தால் அது காற்றிலிருந்த ஈரம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்க ஆரம்பித்துவிடும். மேகமில்லாத இரவில் உலோகத் தகடு சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகவே குளிர்ந்துபோகும். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தரையிலிருந்து. அரை மீட்டர் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, கான்கிரீட் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக ஏறி வருகிறது. கான்கிரீட் போடும்போதே அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. இப்போது செய்யக்கூடியது, தரைக்கு மேல் பாலித்தீன் விரித்து அதன் மேல் பலகை போடுவது.

அடுத்தது காற்றோட்டம். ஒரு சுவரில் தாழ்வாகவும் எதிர்ச் சுவரில் முகட்டுக்குப் பக்கத்திலும் திறப்பு வைத்து வலை அடியுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று வீசாத இரவில் அவற்றால் பயன் குறைவு. தகட்டுக்கு அடியில் நுரைப்பலகை ஒட்டுவது நல்ல தீர்வுதான், ஆனால் தகட்டோடு ஒட்டி, மூட்டுகளில் டேப் போட்டிருக்க வேண்டும். தளர்வாகத் தொங்கவிட்டால் ஈரக்காற்று அதன் பின்னால் புகுந்து அங்கேயே தண்ணீராகும், நீங்கள் பார்க்கவும் முடியாது.

உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் துருப்பிடிக்கிறது என்பதும் இதே நோய்தான். எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது கருவியைக் காப்பாற்றும், கொட்டகையைக் காப்பாற்றாது.

மழையில் ஒழுகுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் தகட்டின் அடியிலோ பர்லின் என்னும் குறுக்குச்சட்டத்தின் மேலோ ஓடி வந்துதான் விழும். சொட்டும் இடத்திலிருந்து கூரைச் சரிவில் மேல்நோக்கித் தேட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம்: ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் தோட்டக் குழாயால் தாவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடம் நிறுத்தி நிறுத்தி மேலே போக வேண்டும். உச்சியில் தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு கீழே வரும், ஒன்றும் விளங்காது. ஏணியில் நின்றே இதைச் செய்யுங்கள். ஈரத் தகட்டின் மேல் ஏற வேண்டாம்.

நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரைத்தான். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். ரப்பர் நசுங்கி உலோகத் தொப்பிக்கு வெளியே உதடு மாதிரி பிதுங்கியிருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறது, வெயிலில் அந்த உதடு வெடிக்கும். விரலால் சுற்றினாலே வாஷர் சுழன்றால் இறுக்கம் போதவில்லை. ரப்பர் லேசாக அமுங்கி, தொப்பியின் ஓரத்தோடு நிற்பதுதான் சரியான இறுக்கம். சட்டத்தில் மாட்டாமல் வெறும் தகட்டைத் துளைத்து நிற்கும் ஸ்க்ரூ எப்போதும் ஒழுகும். அதைக் கழற்றி, துளையை ரிவெட்டும் சீலன்ட்டும் போட்டு அடையுங்கள்.

சிலிக்கான் வாங்கும்போது கவனம் வேண்டும். வினிகர் நெடி அடிக்கும் வகை, ஜிஐ என்னும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் பூச்சை அரிக்கும். ஒழுகலை அடைத்த இடத்திலேயே துரு பிறக்கும். நெடியில்லாத நியூட்ரல் வகைதான் தகட்டுக்கு.

ஸ்க்ரூ எல்லாம் சரி, பலத்த காற்றோடு மழை வந்தால் மட்டும் ஒழுகுகிறது என்றால் சரிவையும் மேல்விரிப்பையும் பாருங்கள். நெளித்தகட்டுக்கு 10 டிகிரி சரிவாவது இருப்பது நல்லது. அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 18 செ.மீ. ஏற்றம். மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் 15 செ.மீ.க்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும், சரிவு குறைந்தால் இன்னும் அதிகம். பக்கவாட்டு மூட்டின் திறந்த ஓரம் மழைக்காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கக் கூடாது. சரிவை இனி மாற்ற முடியாத கூரைக்கு, மூட்டுக்குள் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து இறுக்குவதுதான் நடைமுறை வழி.

வெளிச்சத்துக்குப் பாலிகார்பனேட் போட்டிருந்தால் அதன் கணக்கே தனி. 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். துளை ஸ்க்ரூவின் அளவுக்கே இருந்தால் ஷீட் அங்கே விரிசல் விடும். உச்சிவெயிலிலும் சாயங்காலமும் கேட்கிற டக் டக் சத்தமும் இதனால்தான். துளையைப் பெரிதாக்கி, அகலமான வாஷர் போடுங்கள்.

சுவரின் அடி கறுக்கிறது, மெத்தென்று ஆகிறது

ஸ்க்ரூ டிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை எதிர்க்கும். உளுத்தது சத்தமில்லாமல் உள்ளே விடும். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்து நின்றால்தான் பூஞ்சை அதைத் தின்னும். உலர வைத்தால் அது நின்றுவிடும், ஆனால் போன வலு திரும்பாது. உளுத்த பகுதியை, நல்ல மரம் தெரியும் இடத்தையும் சற்றுத் தாண்டி வெட்டி எடுத்துவிட்டு மாற்றுங்கள். புதுச் சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாள் போடுங்கள். மண்ணிலிருந்து 15 செ.மீ. உயரமாவது இல்லாவிட்டால் மழைத்துளி தெறித்தே மரம் நனையும். சுவரோரம் வருஷக்கணக்கில் சேர்ந்த மண்ணையும் சருகையும் வாருகோலால் இழுத்து எடுத்தாலே பாதிக் கொட்டகைகளுக்கு இந்த உயரம் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆணியைச் சுற்றித் துரு வழிகிறதா? தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரம் சாதாரண ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ மட்டுமே அதில் நிற்கும். இரும்புத் தூண் அடியில் துரு என்றால் பைப்பின் தலை திறந்திருக்கிறதா பாருங்கள். மழை உள்ளே இறங்கி அடியில் தேங்குகிறது; தலைக்கு மூடி போட்டு, அடியில் சின்ன வடிகால் துளை போடுங்கள்.

பூச்சியா என்று சந்தேகம் வந்தால் அது விட்டுப்போகும் அடையாளம் பேசும். சுவரேறும் மண்குழல் நிலக்கரையானுடையது. ஆறு பட்டையுள்ள பொடிமணிகள் உலர்மரக் கரையானின் எச்சம். ஊசித்துளைக்குக் கீழே மாவு போலக் கொட்டியிருந்தால் வண்டு. மண்குழலைத் தட்டிவிடுவது மட்டும் தீர்வல்ல. பூச்சி மருந்து அடிக்க வருகிறவருக்கு அது எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டிய பிறகு அகற்றுங்கள். போரேட் (போரான் உப்பு) கரைசல் பூச்சில்லாத மரத்துக்கு நல்லது, ஆனால் மழை படும் இடத்தில் கரைந்து ஓடிவிடும்.

தரை அமுங்குகிறது

மரத்தரை என்றால், அமுங்குவது பலகையா அடிச்சட்டமா? சட்டத்துக்கு நேர் மேலே நின்று எம்பிப் பாருங்கள். அங்கேயும் துள்ளினால் சட்டம் பலவீனம். அதே அளவில் இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் சேர்த்தால் விறைப்பு இரண்டு மடங்குதான் ஆகும். சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. அடியில் புக முடிந்தால் இரண்டையும்விடச் சுலபமானது நடுவில் ஒரு தாங்கு கொடுப்பது.

கான்கிரீட் தரையில் மயிரிழை விரிசல் பயப்பட வேண்டியதில்லை. விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்திருந்தால்தான் மண் இறங்குகிறது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், நீள்கிறதா என்று தெரியும். புதிதாகப் போடுகிறவர்கள் 10 செ.மீ. கனத் தரையில் விரிசல் விழுந்தால் அந்தக் கோட்டிலேயே விழும்படி, 3 மீட்டருக்குள் ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, விட்டுவிடுங்கள்; குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

காற்றடித்தால் கூரை படபடக்கிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கொட்டகைக்குக் காற்றினால் வரும் பெரிய ஆபத்து அது கூரையை மேலே உறிஞ்சி எடுப்பதுதான், அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் அதிகமாக. கதவு திறந்திருந்தால் உள்ளிருந்தும் காற்று தள்ளும். தகடு பர்லினோடும், பர்லின் கைமரத்தோடும், கைமரம் சுவரோடும், சுவர் அஸ்திவாரத்தோடும் பிணைந்திருக்க வேண்டும். இதில் ஒரு பிணைப்பு ஆணியின் பிடிப்பை மட்டும் நம்பியிருந்தாலும் அங்கேதான் பிடுங்கும். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் உலோகப் பட்டை, அடிச்சட்டத்துக்கு ஆங்கர் போல்ட், ஓரத் தகடுகளுக்குக் கூடுதல் ஸ்க்ரூ.

ரம்பம் ஓடினால் விளக்கு மங்குகிறது, பிரேக்கர் விழுகிறது

விளக்கு மங்கினால் கேபிள் மெல்லியது, அல்லது நீளம் அதிகம். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிளில் 15 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 11 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 2.5 சதுர மி.மீ. என்றால் 7 வோல்ட்டுக்குள் நிற்கும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் திணறிச் சூடேறும். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுதும் பிரித்துவிட்டுத்தான் கனமான கருவியை ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் உள்சுருள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உருகும்.

ரம்பம் கிளம்பும் நொடியில் மட்டும் எம்சிபி (அளவுக்கு மீறிய மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுந்தால், மோட்டார் தொடக்கத்தில் பல மடங்கு மின்சாரம் இழுப்பதுதான் காரணம். பி வகைக்குப் பதில், தொடக்க இழுப்பைத் தாங்கும் சி வகை எம்சிபி பொருந்துமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஆம்பியர் அளவை ஏற்றிப் போடுவது மட்டும் கூடாது, பிரேக்கர் விழாமல் கேபிள் எரியும். விழுவது ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) என்றால் விஷயம் வேறு. எங்கோ மின்சாரம் தரைக்குக் கசிகிறது, ஈரமான கொட்டகையில் அது உயிர்ப் பிரச்சினை. 30 மில்லியம்பியர் ஆர்சிசிபியைக் கழற்றவோ, அதைத் தவிர்த்து நேராக வயர் கொடுக்கவோ கூடாது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதை ஏற்றுங்கள். விழாமல் நின்றால், ஒவ்வொரு கருவியாகச் செருகிப் பாருங்கள். எதில் விழுகிறதோ அதில்தான் கசிவு. எதையும் செருகாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரும்வரை பட்டறையைப் பூட்டி வையுங்கள்.